கோயில் தூணில் தொப்பி போட்ட ஆள்: வெள்ளைக்காரத் துரையா, சாமியா, வேறு யாராவதா?

காங்கயம் கிழக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பழைய சிலை, கல்வெட்டு எல்லாம் பார்த்துப் பழகினவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் காங்கயத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஊருக்குள்ளே பழைய ஈஸ்வரன் கோயில் ஒன்று, முன்மண்டபத்தில் பதினாறு கருங்கல் தூண், அதில் முன்வரிசை நாலு தூணில் யாளி. தெற்குப் பக்கம் மூன்றாவது தூணில் என் இடுப்பு உயரத்தில் ஒரு முழம் அளவுக்கு ஒரு ஆள் செதுக்கியிருக்கிறது. தலையில் தொப்பி, உடம்பில் நீள அங்கி, இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். மீதியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குக்குள்ளே போய்விட்டது. ஊரில் எல்லாரும் அவரை ‘துரைச்சாமி’ என்றுதான் சொல்வார்கள். குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கண் தெரியாமல் போய், இந்தக் கோயில் கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவினதும் பார்வை வந்ததாம், அதனால் அவர் உருவத்தை வைத்தார்களாம். எங்கள் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்கு நல்லெண்ணெய் வைத்து விளக்குப் போடும். அதற்கு முன்னால் அம்மிச்சியின் மாமியார் வைத்ததாம். அப்படிப் பார்த்தால் எத்தனை வருச எண்ணெய் அங்கே ஏறியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், தை மாதம் கும்பாபிஷேகம் வைத்திருக்கிறோம். திருப்பணிக் கமிட்டியில் எங்கள் அப்பாவும் இருக்கிறார். வேலை எடுத்திருக்கிற ஒப்பந்தக்காரர், மிசினில் மணலைப் பீய்ச்சி எல்லாத் தூணையும் புதுசு மாதிரி ஆக்கி, மேலே கல் நிறத்தில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று சொல்கிறார். கமிட்டியில் இரண்டு பேர் இன்னும் ஒரு படி மேலே போய், ஈஸ்வரன் கோயிலில் வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை, அந்தத் தூணை டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்கிறார்கள். அம்மிச்சி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் யாராக இருக்கும்? வெள்ளைக்காரர்தானா? எதை வைத்துக் கண்டுபிடிப்பது? எனக்கு இதில் படிப்பு கிடையாது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஆனால் டைல்ஸ் ஒட்ட விடக் கூடாது என்று மட்டும் மனசு சொல்கிறது.


ஆனைமலையான் எழுதியது:

தம்பி, அவசரப்பட்டு இன்னார்தான் என்று யாரையும் முடிவு பண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு பலகைக்கல் பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. மேலே தெரிந்த பாதியில் ஒரு ஆள் நீளமான கோல் ஒன்றைச் சாய்த்துப் பிடித்திருப்பான். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது அவன் பேரே ‘துப்பாக்கிக்காரன்’. திப்பு படையில் இருந்தவன் என்று ஒருத்தர், கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் என்று ஒருத்தர், ஆளுக்கு ஒரு கதை. அப்புறம் சாக்கடை வேலைக்குத் தோண்டினபோது கல் முழுசாக வெளியே வந்தது. கீழ்ப்பாதியில் பின்னங்காலில் எழுந்து நிற்கிற புலி, வாய் பிளந்திருக்கிறது, நாங்கள் துப்பாக்கி என்று நினைத்தது அதன் வாய்க்குள் இறங்கின ஈட்டி! மாட்டுப்பட்டியைக் காக்கப் போய்ப் புலியோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு வைத்த புலிக்குத்திக் கல் அது. பொள்ளாச்சி, உடுமலை சுற்றுவட்டாரத்தில் இந்த மாதிரிக் கற்கள் நிறைய உண்டு. தலையில் நாங்கள் தொப்பி என்று சொல்லிக்கொண்டிருந்ததும் தொப்பி இல்லை, ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டின கொண்டை.

பாதிக் கல்லைப் பார்த்து முழுக் கதை கட்டியிருந்தோம். நீங்களும் முதலில் அந்த எண்ணெயை எடுங்கள்.


கூடுதுறை எழுதியது:

கோயிலில் வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களைப் பவானிக்கு ஒரு தடவை கூட்டி வாருங்கள். சங்கமேஸ்வரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்கு வில்லியம் காரோ என்ற கலெக்டர் கொடுத்த தந்தக் கட்டில் இருக்கிறது. 1804 என்ற வருசமும் அவர் கையெழுத்தும் அதில் உண்டு. நல்ல மழை ராத்திரியில் அம்மன் சின்னப் பெண் வடிவில் வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போனதாகவும், அவர் வெளியே வந்த உடனே தங்கியிருந்த மாளிகை இடிந்து விழுந்ததாகவும் எங்கள் ஊரில் சொல்வார்கள். அவர் உள்ளே வர முடியாது என்பதால் மதிலில் மூன்று துளை போட்டு அதன் வழியாக அம்மனைப் பார்த்தார் என்பதும் அந்தக் கதையில் உண்டு, துளைகளை இன்றைக்கும் காட்டுவார்கள். சின்ன வயசில் அந்தத் துளையில் கண் வைத்துப் பார்க்காத பவானிப் பிள்ளை கிடையாது. எங்கள் அப்பாரு என்னைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார், நான் என் மகளைத் தூக்கிக் காட்டினேன்.

அதனால் உங்கள் துரைச்சாமி கதையைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. காரோ கதையும் உங்கள் ஊர்க் கதையும் ஏறக்குறைய ஒரே அச்சு. பவானிக் கதை ஊர் ஊராகப் போய் உங்கள் தூணில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது என் ஊகம்தான். ஆனால் காலக்கணக்கு ஒன்றைப் பாருங்கள். திப்பு விழுந்தது 1799இல், அதற்குப் பிறகுதான் கோயமுத்தூர்ப் பக்கம் கும்பினி கைக்கு வந்தது. கும்பினிக் கலெக்டர் தூணில் இருக்க வேண்டுமென்றால் தூண் அதற்கப்புறம் செய்ததாக இருக்க வேண்டும். யாளித் தூண் வைத்த மண்டபம் அவ்வளவு புதுசா?


மைப்படி எழுதியது:

கேள்வி நன்றாக இருக்கிறது கண்ணு, எனக்கு விடிகாலையில் படித்ததிலிருந்து இதே யோசனைதான். நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், முப்பது வருசமாகச் சனி ஞாயிறு ஆனால் கோயில் கோயிலாகக் கல்வெட்டுப் பார்க்கப் போகிறவன். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் தொப்பி. அதற்கு விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். நெற்றிக்கு மேலே சுற்றிலும் வட்டமாக விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், காலில் இறுக்கமான கால்சட்டையும் பூட்ஸும் இருந்தால் ஐரோப்பியராக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி ஆட்கள் இந்தப் பக்கம் வராமல் இல்லை, கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே பாதிரிமார்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் விளிம்பே இல்லாமல், கூம்பு மாதிரி உயரமாக எழும்பி, நுனி கொஞ்சம் வளைந்தோ மழுங்கியோ இருந்தால் அது வேறு கதை. அதற்குப் பேர் குல்லாய்.

இன்றைக்கு நாம் குளிருக்குப் போடுகிற குல்லாய் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான், அங்கே குலாஹ் என்பார்கள். விஜயநகர அரசவையில் 15, 16ஆம் நூற்றாண்டில் ராஜா, அதிகாரி, தளபதி எல்லாருக்கும் அது மரியாதைக்குரிய உடுப்பு. மேலே போடும் நீள அங்கிக்குக் கபாயி என்று பேர், அதுவும் அரபுநாட்டுப் பக்கத்து உடுப்பின் சாயல். திருமலைக்குப் போயிருப்பீர்கள், அங்கே நுழைவு மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவிகளோடு கைகூப்பி நிற்கிற உலோகச் சிலை இருக்கிறதே, அவர் தலையில் இருப்பது கிரீடம் இல்லை, இதே குல்லாய்தான். தரிசனத்துக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. லேபாட்சிக் கோயில் மேல்விதானத்து ஓவியத்திலும் குல்லாய் போட்ட ஆண்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். நாயக்கர் காலத்தில் அந்த வழக்கம் அப்படியே தெற்கே வந்தது. ஆக, தொப்பியும் அங்கியும் போட்டிருப்பவர் எல்லாம் கடல் கடந்து வந்தவர் கிடையாது, தொப்பிதான் கடல் கடந்து வந்தது. உள்ளே இருக்கிற ஆள் உங்கள் பக்கத்து ஊர்க்காரராகக்கூட இருக்கலாம்!

நிஜமான வெளிநாட்டுக்காரரையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. விஜயநகரத் தலைநகராக இருந்த ஹம்பியில் மகாநவமி மேடையிலும் ஹசார ராமர் கோயில் மதிலிலும் குதிரை ஓட்டிக்கொண்டு வருகிற அரபு, பாரசீக ஆட்களைப் பார்க்கலாம். தாடி வைத்திருப்பார்கள், குதிரைக் கடிவாளம் கையில் இருக்கும், பெரும்பாலும் ஊர்வலத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். கல்தச்சன் வெளியூர் ஆளைக் காட்டும்போது அவன் செய்கிற வேலையோடுதான் காட்டுவான்.

அதனால் அடுத்தபடியாகக் கையைப் பாருங்கள். இதுதான் முக்கியம். இரண்டு கையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பியிருந்தால் அவர் பார்க்கப்படுகிற ஆள் இல்லை, சாமியைப் பார்க்கிற ஆள். கோயிலுக்குத் திருப்பணி செய்தவர், நிலம் விட்டவர், தூண் கொடுத்தவர், அந்த நாட்டு அதிகாரி இப்படி யாராவது. மதுரைப் புதுமண்டபத்தில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்துக்கு அப்படித்தான் நிற்கிறார்கள். இடுப்பில் சின்னக் கட்டாரி செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாமியாக இருந்தால் கையில் ஆயுதமோ முத்திரையோ இருக்கும், நாலு கை இருக்கலாம், காலடியில் வாகனமோ பூதகணமோ இருக்கும்.

கடைசியாகக் காலடி. உருவத்துக்குக் கீழே தூணின் சதுரப் பகுதியில் எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். பகலில் பார்த்தால் தெரியாது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைக் கல்லோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்து வெட்டிய பள்ளத்தில் நிழல் விழும், பத்து வருசமாகக் கண்ணில் படாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். சுண்ணாம்புப்பொடி, மாவு, சாக்பீஸ் எதையும் தேய்த்துப் பார்க்காதீர்கள். கொங்கு நாட்டுக் கோயில்களில் கொடையாளி உருவத்துக்குக் கீழே ‘இன்னார் சதாசேர்வை’ என்று வெட்டியிருப்பதை நான் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். எப்போதும் இங்கேயே நின்று சேவித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அந்த ஒரு சொல் கிடைத்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்தது.


உளிச்சத்தம் எழுதியது:

நான் திருமுருகன்பூண்டி. அப்பா, பெரியப்பா எல்லாரும் கல்வேலை, நானும் அதே தொழில்தான். மேலே ஐயா சொன்னதற்கு மேல் யாரு என்னவென்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மணல் மிசினைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

கருங்கல் உறுதியானதுதானே, மணல் அடித்தால் என்ன ஆகிவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சிலைவேலையில் கடைசி வேலை பொடி உளியில்தான் நடக்கும். கண்ணிமை, விரல் நகம், அங்கியின் மடிப்பு, கழுத்து மணி எல்லாம் நெல்மணி கனத்துக்குக்கூட வராது. அதையெல்லாம் எங்கள் ஆட்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்வார்கள். மிசின் அதை ஒரு நிமிசத்தில் வழித்து எடுத்துவிடும். மணல் அடித்த தூணைத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், அந்தச் சொரசொரப்பில் தூசியும் எண்ணெயும் முன்னைவிட வேகமாக ஏறும். எழுத்து இருந்தால் கேட்கவே வேண்டாம், ஓரம் மழுங்கிப் போய் அதற்கப்புறம் எந்த வாத்தியாரும் படிக்க முடியாது. அறநிலையத்துறையே மணல் பீய்ச்சக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. உங்கள் கமிட்டியில் அதைச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் நிற்காது.

பெயிண்ட் அதைவிட மோசம். கல் மூச்சு விட வேண்டும் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். மழைக்காலத்தில் தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், பெயிண்ட் செதில் செதிலாகக் கிளம்பும்போது கல்லின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு வரும்.

எண்ணெயை எடுக்க வெதுவெதுப்பான தண்ணீரும் அரப்புத்தூளும் தேங்காய்நார் பிரஷும் போதும். அரப்பைக் குழைத்துப் பூசி அரைமணி நேரம் ஊறவிடுங்கள், மெதுவாகத் தேயுங்கள், ஒரே நாளில் முழுசும் போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டையும் கோயிலுக்குள்ளேயே விடாதீர்கள்.

இன்னொன்று. யாளித் தூணில் யாளியும் தூணும் ஒரே கல்லா, ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பேரூர் கனகசபை மண்டபத்துத் தூண்களில் அகோர வீரபத்திரர், பிட்சாடனர், யானையைக் கிழித்துப் போர்த்துகிறவர், ஊர்த்துவ தாண்டவர் எல்லாம் ஒரே கல்லில் வந்தவை, விதானத்தில் தொங்குகிற கல்சங்கிலியும் அப்படித்தான். அழகாத்திரி நாயக்கர் காலத்து வேலை அது. நான் பத்து வயசில் அப்பாவோடு போனபோது வீரபத்திரர் கால்விரலைத் தொட்டுக் காட்டி, ‘நகத்துக்கும் சதைக்கும் நடுவே இருக்கிற கோட்டைப் பாரு’ என்றார். சாமி முகத்தை அன்றைக்கு நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை, அந்தக் கோடுதான் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் தூணில் அந்த ஆள் புடைப்பு எவ்வளவு கனம் வெளியே வந்திருக்கிறது, சுற்றியிருக்கிற கட்டம் மற்றத் தூண்களோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு படம் போடுங்கள். பின்னால் வெட்டினதாக இருந்தால் அந்த இடம் மட்டும் தூண் மட்டத்தைவிடக் குழிவாக இருக்கும். ஆதியிலேயே செய்ததாக இருந்தால் உருவம் மட்டத்துக்கு வெளியே நிற்கும்.


காங்கயம் கிழக்கு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நாலு நாளாக இதே வேலைதான். சொல்கிறேன்.

அரப்பு வைத்துக் கழுவுகிற வேலையை அம்மிச்சி என்னிடம் விடவில்லை, அதுவே செய்தது. எண்ணெய் வைத்த கைதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மூன்று நாள், நாளைக்கு ஒரு மணி நேரம். முதல் நாள் கறுப்புத் தண்ணீர்தான் ஓடியது. இரண்டாம் நாள் மூக்கு வந்தது, மீசை வந்தது. மீசை மேலே முறுக்கி விட்டிருக்கிறது, தாடி இல்லை. மூன்றாம் நாள் தொப்பி முழுசும் தெரிந்தது. விளிம்பு கிடையாதுங்க. கூம்பு, உயரமாகப் போய் நுனி கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, அடியில் ஒரு பட்டை, பட்டையில் சின்னச் சின்னப் பூ. அங்கி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை வருகிறது, இடுப்பில் துணிக் கச்சை, கச்சையில் வலது பக்கம் கட்டாரி. இரண்டு கையும் கூப்பியிருக்கிறது. கூப்பின கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கோலோ வாளோ சாய்த்து வைத்திருக்கிறார். கால் வெறுங்கால்.

உளிச்சத்தம் அண்ணா கேட்டது: உருவம் மட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது. மற்றத் தூண்களில் அதே உயரத்தில் அதே அளவுக் கட்டத்தில் அனுமார், மயில், பால் குடிக்கிற கன்றோடு பசு எல்லாம் இருக்கிறது. யாளியில் ஒட்டு இல்லை.

ராத்திரி டார்ச் வைத்துப் பார்த்தோம், அப்பாவும் கூட வந்தார். அவர் காலுக்குக் கீழே இரண்டு வரி. முதல் வரியில் நடுவில் உடைந்திருக்கிறது. இரண்டாவது வரி கடைசியில் எனக்குப் படிக்க முடிந்தது ‘தா’, அப்புறம் ‘சே’ மாதிரி ஒன்று, அப்புறம் ‘வை’. மைப்படி ஐயா சொன்ன சொல் மனசில் இருப்பதால் அப்படிப் படிக்கிறேனா என்று சந்தேகம் வந்து, ஒன்றும் சொல்லாமல் அப்பாவிடம் டார்ச்சைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் ‘சேர்வை’ என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கமிட்டியில் பேசினேன். தடை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததும் மணல் மிசினை நிறுத்திவிட்டார்கள். டைல்ஸ் பேச்சு இன்னும் முடியவில்லை. வெள்ளைக்காரர் இல்லை என்று நான் சொன்னதும் ஒருத்தர் அப்படியானால் சரி என்றார், இன்னொருத்தர் அப்படியானால் இவர் துலுக்கரா என்று ஆரம்பித்துவிட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது?


அமராவதி மணல் எழுதியது:

உங்கள் அம்மிச்சி கையால் கழுவினதைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன் தம்பி.

நான் கரூர், பழங்காசு சேர்க்கிறவள். கமிட்டிக்காரர் கேள்விக்கு மைப்படி ஐயா பதில் சொல்வார், நான் என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டுச் சாயல் இருக்கிறதென்றால் வெளிநாட்டுக்காரன் என்று சொல்வதாக இருந்தால், நம் சேர ராஜாவையே அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும்! மாக்கோதை என்று தமிழ் பிராமியில் பேர் பொறித்த வெள்ளிக்காசு கரூரில் கிடைத்திருக்கிறது. அதில் ராஜாவின் தலை பக்கவாட்டில், கழுத்தோடு, அப்படியே ரோமாபுரிக் காசில் இருக்கிற மாதிரி வெட்டியிருக்கிறது. காசு நம் காசு, எழுத்து நம் எழுத்து, பேர் நம் பேர், முகம் காட்டுகிற விதம் மட்டும் ரோமாபுரியிலிருந்து வந்தது. காசடிக்கிற அக்கசாலையில் உட்கார்ந்து அச்சு வெட்டினவன் மேசையில் ரோமாபுரிக் காசு ஒன்று கட்டாயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இருக்காமல் எப்படி? கோவை வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலில் 500க்கு மேல் ரோமாபுரி வெள்ளிக்காசு கிடைத்தது, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் காலத்துக் காசு. அப்புறமும் அதே ஊரில் கிடைத்தது. பொள்ளாச்சிப் பக்கம், கத்தாங்கண்ணி, கரூர் என்று கொங்கு நாடு முழுக்கக் கிடைத்திருக்கிறது. காரணம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தம்பி. காங்கயம் பக்கத்துப் படியூரில் எடுத்த பச்சைக்கல்லை, பெரில் என்பார்களே அதை, நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டி மணியாக்கினார்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது அந்த ஊர்தான். அங்கே ஒரே ஒரு ஈமக்குழியில் மட்டும் 2000க்கு மேல் சூதுபவள மணி கிடைத்திருக்கிறது. மணி பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கடற்கரைக்குப் போகும், காசு அதே வழியில் திரும்பி வரும். பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அபூர்வம் என்று அந்தக் கால ரோமாபுரி எழுத்தாளர் பிளினியே எழுதியிருக்கிறார்.

அகஸ்டஸ் காசில் ஒரு வகை இங்கே நிறைய வரும். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவே இரண்டு கேடயம், பின்னால் இரண்டு ஈட்டி. ஒரு வீட்டில் பழைய நகைப் பெட்டியைத் திறந்தபோது அந்தக் காசு வளையம் வைத்து மாலையில் கோத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த வீட்டுப் பாட்டி அதை ராமர் லட்சுமணர் காசு என்றுதான் சொன்னார். நான் அவரிடம் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் கயஸ், லூசியஸ், அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், பட்டத்துக்கு வர வேண்டியவர்கள், இரண்டு பேரும் சின்ன வயசிலேயே இறந்துவிட்டார்கள். டைபீரியஸ் காசில் ஒரு அம்மா கையில் கோலும் கிளையும் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அது அவன் தாய் லிவியா என்று சொல்கிறார்கள். அதைக் கண்டால் நம் ஆட்கள் லட்சுமி என்று கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டார்களா?

ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். திருப்பணிக்குத் தரை தோண்டும்போது காசு, பானை, செப்புச் சாமான் எது கிடைத்தாலும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். 1878ஆம் வருசப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிப்பது கட்டாயம். அதைவிட முக்கியம், காசு கிடைத்த இடமும் ஆழமும் தெரியாவிட்டால் அது வெறும் வெள்ளித் துண்டுதான்.


மைப்படி எழுதியது:

‘சேர்வை’ என்று படித்த இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன் கண்ணு.

நீ சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இவர் வெள்ளைக்காரர் இல்லை, சாமியும் இல்லை. நாயக்கர் காலத்து அதிகாரியோ, இந்தக் காங்கேய நாட்டில் செல்வாக்காக இருந்து திருப்பணி செய்த பெரியவரோ. வெறுங்காலில் நிற்கிறார் பார், அதுவே சொல்கிறது. உடுப்பு அரசவைக்குப் போகிற உடுப்பு, செருப்பு மட்டும் வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பேர் முதல் வரியில் உடைந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

கமிட்டிக்காரருக்கு நீ இதைச் சொல். குல்லாயை வைத்து மதம் சொல்ல முடியாது. குல்லாய் போட்டுக்கொண்டுதான் கிருஷ்ணதேவராயர் வேங்கடவனைக் கும்பிட்டு நிற்கிறார், அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கு நாம் சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம். நானூறு வருசம் கழித்து ஒருத்தர் அதைப் பார்த்து இவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?


ஆனைமலையான் எழுதியது:

ஒரே ஒரு சந்தேகம் ஐயா. சாமி இல்லை என்றால் அம்மிச்சி விளக்குப் போடுவது? அதை நிறுத்தச் சொல்வார்களா?


மைப்படி எழுதியது:

அதை யார் நிறுத்துவது? விளக்கு தூணைத் தொடாமல் ஒரு அடி தள்ளி அகலில் எரியட்டும், எண்ணெயை மட்டும் கல்லில் ஊற்ற வேண்டாம். எப்போதும் இங்கேயே நின்று கும்பிடுவேன் என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனவர் அவர். இருட்டிலா நிற்பார்?


காங்கயம் கிழக்கு எழுதியது:

அம்மிச்சியிடம் படித்துக் காட்டினேன். ‘துரையா இல்லாட்டி என்ன, அவரும் என்னாட்ட கும்பிடத்தானே வந்திருக்காரு’ என்று சொல்லிவிட்டு அகலைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டது. நேற்று ராத்திரி சாப்பிட்டது.

டைல்ஸ் கிடையாது என்று கமிட்டியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அந்தத் தூணை மட்டுமில்லை, பதினாறு தூணையும் கையால்தான் கழுவப் போகிறோம். பெயிண்ட் மதில் சுவரோடு சரி. மைப்படி ஐயா, வருகிற ஞாயிறு காலையில் நீங்கள் வந்து அந்த இரண்டு வரியைத் தாளில் ஒற்றி எடுத்துத் தர முடியுமாங்க? தாளும் மையும் நீங்கள் கொண்டு வருவதாக இருந்தால், தண்ணீர், ஏணி, டார்ச், ஆள் எல்லாம் இங்கே ஏற்பாடு செய்கிறேன். காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.


மைப்படி எழுதியது:

ஏழு மணிக்கு இறங்கிவிடுவேன் கண்ணு. தாளை ஈரம் பண்ணிக் கல்லில் ஒட்டி பிரஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்க வேண்டும், அதற்கு வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டால் நல்லது. மை காயும் வரைக்கும் தாளை யாரும் தொடக் கூடாது, சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல். உங்கள் அம்மிச்சி பக்கத்தில் இருக்கட்டும். கறுப்பு மைக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பும்போது பேரை முதலில் அந்த அம்மாவுக்குத்தான் படித்துக் காட்ட வேண்டும்.